பவர் ஸ்டியரிங்கும் எண்ணெய்க் கசிவும்

இராயபுரத்தினின்று காசிமேட்டின் வழியாகத் திருவொற்றியூரும் எண்ணூரும் நோக்கிச் செல்லும் கடற்கரைச் சாலையை அறியாதார் நம்முள் மிகச் சிலரே. துறைமுகத்திற்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகள் அங்கே வரிசை வரிசையாக நிற்கும். அவற்றின் இடையே வாடகைக் கார்கள் வளைந்து நுழைந்து செல்லும். அத்துணைப் பெரிய லாரியையும் ஒருவர் தம் இரு கைகளால் எளிதில் திருப்புகின்றார். நாமும் அதனை நாள்தோறும் கண்டும் வியப்பதில்லை. அவ்வெளிமைக்குக் காரணமாவது பவர் ஸ்டியரிங் என்னும் பொறி. காரிலுள்ள அப்பொறியில் எண்ணெய் கசியத் தொடங்கினால் அதனைப் பழுது பார்ப்பதா, அன்றிப் புதிதாக மாற்றுவதா என்னும் வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழ் பயிலும் மாணாக்கர்க்குப் பட்டறையில் என்ன வேலை என்று நண்பர் சிலர் நகைக்கலாம். நோய் இன்னதென ஆராய்ந்து, அதன் காரணத்தை நாடி, பின்னரே தணிக்கும் வழியை மேற்கொள்க என்று வள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்த முறை பொறிக்கும் பொருந்தும் என்பதை அவர்கட்கு விடையாகக் கூறுவோம்.

முதற்கண் இப்பொறியின் வரலாற்றைச் சிறிது காண்போம். அமெரிக்க நாட்டுப் பொறியாளர் பிரான்சிஸ் டேவிஸ் என்பார் 1926-ஆம் ஆண்டில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஸ்டியரிங்கைக் காரில் பொருத்தி ஓட்டிக் காட்டினார். எனினும் விற்பனைக்கு வந்த காரில் அது அமைந்தது 1951-ஆம் ஆண்டில், கிரைஸ்லர் இம்பீரியல் வண்டியிலேதான். நம் வடசென்னைக்கும் இவ்வரலாற்றில் ஓர் இடம் உண்டு. 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்னும் பெயரால் தொடங்கப்பெற்று, எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி முடித்த தொழிற்சாலையே பின்னர் அசோக் லேலண்டு ஆயிற்று. அந்நிறுவனம் 1969-இல் தன் கனரக வண்டிகளிற் பவர் ஸ்டியரிங்கைப் புகுத்தியது. அதற்கு முன் லாரி ஓட்டுவது தோள்வலிமைக்கே ஒரு சோதனையாக இருந்தது.

இனி இது தொழிற்படும் வகையைக் கூறுவோம். காரின் முன்புறத்தில், இரு சக்கரங்கட்கும் இடையே, குறுக்காக ஓர் எஃகுத் தண்டு கிடக்கிறது. அதன் ஒரு பகுதியிற் பற்கள் வெட்டப்பட்டிருக்கும். இதுவே ராக். ஸ்டியரிங் சக்கரத்தின் அடியிலுள்ள பினியன் என்னும் சிறு பற்சக்கரம் சுழல, ராக் இடமும் வலமும் நகர்ந்து சக்கரங்களைத் திருப்பும். இத்தண்டு ஒரு குழாய்க்குள் அமைந்திருக்க, தண்டின்மேல் ஒரு பிஸ்டன் இருக்கிறது. என்ஜினிலிருந்து பெல்ட்டினால் ஓடும் பம்பு எண்ணெயை அழுத்தி அனுப்புகிறது. ஓட்டுநர் திருப்பும் பக்கத்தை உணரும் ஒரு வால்வு, பிஸ்டனின் ஒரு புறத்திற்கு மட்டும் அவ்வெண்ணெயைச் செலுத்துகிறது. அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 80 கிலோவும், பிஸ்டனின் பரப்பு 8 சதுர சென்டிமீட்டரும் எனக் கொண்டால், தண்டினைத் தள்ளும் விசை 640 கிலோ ஆகும். கையால் விரல்நுனி வலிமை கொடுத்தவர்க்கு இத்துணை உதவி கிடைக்கின்றது. இவ்வழுத்தத்தை வெளியே விடாது காப்பன தண்டின் இரு முனைகளிலும் பினியனிடத்தும் உள்ள ஆயில் சீல் என்னும் ரப்பர் வளையங்களே. ஒழுகுதல் என்னும் சொல்லுக்கு நீர் வடிதல், நெறியில் நடத்தல் என இரு பொருள் உண்டு. எண்ணெய் புறத்தே ஒழுகின், வண்டி நெறியில் ஒழுகுவது அரிதாகும்.

நோயின் குறிகள் யாவை? எண்ணெய்த் தொட்டியில் அளவு அடிக்கடி குறையும். வண்டியைத் திருப்புங்கால் பம்பு முனகும். மெதுவாகச் செல்லும்போது ஸ்டியரிங் கனக்கும். நின்ற இடத்தில் எண்ணெய்த் துளிகள் காணப்படும். எனினும் ராக் கசியும்போது தரையில் துளி விழாமலும் இருக்கலாம். ஏனெனில் தண்டின் முனைகளை மூடியிருக்கும் பூட் என்னும் மடிப்பு ரப்பருக்குள் எண்ணெய் முதலில் தேங்கி நிற்கும். ஆகவே பூட்டை அமுக்கிப் பார்த்தல் வேண்டும். அது கனத்துத் தளும்பினால் உள்ளே உள்ள சீல் கெட்டது என்பது உறுதி. ஹோஸ் குழாயோ அதன் இணைப்போ கசிந்து, அவ்வெண்ணெய் வழிந்து ராக்கின்மேற் படிவதும் உண்டு. ஆதலின் எல்லாவற்றையும் நன்கு கழுவித் துடைத்து, என்ஜினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்டியரிங்கைத் திருப்ப மற்றொருவர் நோக்கி, மிக உயரத்தில் ஈரமாகும் இடம் எதுவெனக் காணல் வேண்டும். சிறு தொகையில் முடியும் ஹோஸ் பழுதுக்காக ராக் முழுவதையும் கழற்றியெறிந்தோர் பலர்.

காரணத்தை நாடுவோமாயின், பெரும்பாலும் குற்றம் சீலினுடையதன்று, பூட்டினுடையது. பூட்டிற் சிறு கிழிசல் விழுந்தால் தூசியும் நீரும் உட்புகும். பளபளக்கும் தண்டில் துரு பிடித்து, கண்ணுக்குப் புலப்படாத குழிகள் தோன்றும். அக்குழிகள் ஒவ்வொரு திருப்பத்திலும் அரம்போலச் சீலின் உதட்டை அறுக்கும். உப்புக் காற்றும், நிலக்கரித் தூளும், அனல்மின் நிலையச் சாம்பலும், மழைக்காலத்தில் தேங்கும் நீரும் ஒருங்கே அமைந்த எண்ணூர்ப் பகுதியில் இத்தீங்கு விரைந்து நிகழ்வதில் வியப்பில்லை. பல்லாண்டு மாற்றாத பழைய எண்ணெயும், ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முற்றத் திருப்பி நெடுநேரம் பிடித்திருக்கும் பழக்கமும் சீலுக்குக் கேடு செய்வன. முற்றத் திருப்பிய நிலையிலேதான் எண்ணெயின் அழுத்தம் உச்சத்தை அடைகின்றது.

இனி மருத்துவம். திருவொற்றியூரில் ஒரு பட்டறையில் வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவர் செய்ததை யாம் அருகிருந்து கண்டோம். அவர் பூட்டை விலக்கி, தண்டைத் துடைத்து, அதன்மேல் தம் கட்டைவிரல் நகத்தை மெல்ல இழுத்தார். நகம் தடையின்றி வழுக்கினால் சீல் மாற்றினாற் போதும் என்றும், எங்கேனும் தட்டினால் எத்தனை சீல் போட்டாலும் நில்லாது என்றும் கூறினார். பழுது பார்ப்பதா, மாற்றுவதா என்னும் வினாவிற்கு இதனினும் தெளிவான விடையை யாம் கேட்டதில்லை. தண்டு வழவழப்பாகவும், பற்கள் தேயாமலும், குழாயின் உட்புறம் கீறலின்றியும் இருந்தால் சீல்களை மாற்றலாம். தண்டு குழி விழுந்ததாயின் ராக்கையே மாற்றுதல் வேண்டும். பழைய உதிரி உறுப்புகட்குப் பெயர்பெற்ற புதுப்பேட்டையில் வாங்குவோரும் பூட்டை விலக்கி நகத்தால் தடவிப் பார்த்தே விலை பேசுவாராக. வெளியே கழுவி மினுக்கிய ராக்கின் உள்ளே துரு இருத்தல் கூடும்.

மாற்றும் முறை வருமாறு: வண்டியை ஜாக்கியால் உயர்த்தி, அதன்பின் உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்துக. ஜாக்கியை மட்டும் நம்பி அடியிற் புகுதல் உயிர்க்கு ஊறாகும். ஸ்டியரிங்கை நேராக வைத்துத் திரும்பாவண்ணம் கட்டுக. ராக்கை விடுவித்த பின் அது சுழலுமாயின், ஏர்பேக் உள்ள வண்டிகளில் அதற்குச் செல்லும் சுருள் கம்பி அறுந்துவிடும். டை ராடு முனைகளைக் கழற்றுமுன் அவை எத்தனை மரை உட்சென்றிருந்தன என்பதைக் குறித்துக்கொள்க. குழாய்களைப் பிரித்து வாயை அடைத்திடுக. ஒரு மணல் புகுந்தாலும் புதிய சீல் கெடும். பூட்டும் போது இணைப்புகட்குப் புதிய வாஷர் இடுக. பழைய எண்ணெயை முற்றும் வடித்து, வண்டிக்கு உரியதெனக் கையேடு கூறும் எண்ணெயையே ஊற்றுக. பிரேக் எண்ணெயை இதில் ஊற்றினால் ரப்பர் உறுப்புகள் உப்பிக் கெடும். பின்னர் முன்சக்கரங்கள் தரையிற் படாதிருக்க, என்ஜினை ஓட்டாமலே ஸ்டியரிங்கை இருபுறமும் பன்முறை திருப்பிக் காற்றை வெளியேற்றி, குறையுந்தோறும் எண்ணெய் நிரப்புக. அதன்பின் என்ஜினை ஓட்டி, நுரை அடங்கும்வரை மெல்லத் திருப்புக. இறுதியில் வீல் அலைன்மெண்ட் பார்த்தல் இன்றியமையாதது. அன்றேல் புதிய டயர்கள் சின்னாளில் ஒருபுறம் தேயும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, குறையுந்தோறும் எண்ணெய் ஊற்றினால் ஆகாதா எனக் கேட்போர் உண்டு. நாட்கூலிபோல் வருவாய் ஈட்டும் வாடகைக் கார் ஓட்டுநர்க்கு வண்டி இரண்டு நாள் பட்டறையில் நிற்பது எத்துணை இழப்பென்பதை யாம் அறியாமலில்லை. ஆயினும் எண்ணெய் முற்றும் வற்றினால் பம்பு தேய்ந்து, செலவு இருமடங்காகும். எண்ணெய் இன்றியும் சக்கரங்கள் திரும்பும் என்பது உண்மையே. ஆனால் லாரிகளின் நடுவே விரைந்து திருப்பவேண்டிய நொடியில் ஸ்டியரிங் கனத்துப் போவது பெருந்துன்பத்திற்கு இடமாகும். சூடான புகைக்குழாயின்மேல் எண்ணெய் சொட்டித் தீப்பற்றுதலும் உண்டு. கசிவை அடைப்பதாகச் சொல்லி விற்கப்படும் திரவங்கள் சீலைச் சில நாள் உப்பச் செய்யுமேயன்றித் தண்டின் துருவை நீக்கமாட்டா.

இன்னுமொன்று கூறி முடிப்போம். கசிந்த எண்ணெய் எங்கே போகின்றது? மழை அதனைச் சாலையினின்று கால்வாய்க்கும், கால்வாய் கழிமுகத்திற்கும் சேர்க்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியினின்று வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்திற் பரவி, மீனவர்தம் படகிலும் வலையிலும் படிந்ததை நாடறியும். ஒரு காரின் கசிவு அதனோடு ஒப்பிடத்தக்கதன்று. ஆயினும் ஆயிரம் கார்களின் துளிகள் சேருமிடம் அந்நீரேயாகும். வடித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாது கலத்திற் சேர்த்து, பழைய எண்ணெய் வாங்குதற்கு உரிமம் பெற்றோரிடம் கொடுத்தல் பட்டறையாரின் கடமை. கொடுத்தனரா எனக் கேட்டல் வண்டி உடையாரின் கடமை. இக்காலத்துப் புதிய கார்கள் பலவற்றில் எண்ணெயின்றி மின்மோட்டாரே ஸ்டியரிங்கிற்கு உதவுகின்றது. எனினும் பழைய கார்களும் லாரிகளும் எண்ணெயால் ஓடுமளவும், ஆண்டுக்கு இருமுறையேனும் குனிந்து பூட்டில் கிழிசல் உண்டா எனப் பார்ப்போமாக. சிறு ரப்பர் உறையை உரிய காலத்தில் மாற்றியவர்க்கு ராக் மாற்றும் செலவு பெரும்பாலும் நேராது.