மரபணுவைத் திருத்தலாமா?

கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்திலும் சிதம்பரத்தின் தேரோடும் வீதிகளிலும் ஓடியாடும் சிறுவர்களைப் பார்த்திருப்பீர்கள். கீழே விழுகிறார்கள், முழங்கால் சிராய்க்கிறது, மண்ணைத் தட்டிவிட்டு மீண்டும் ஓடுகிறார்கள். சற்று நேரத்தில் இரத்தம் தானே உறைந்துவிடுகிறது. ஆனால் ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவனுக்கு அது எளிதில் உறைவதில்லை. மூட்டுகளுக்குள் இரத்தம் கசிந்து வீங்குகிறது. நாளடைவில் நடப்பதே கடினமாகிறது. இந்நோய்க்கு ஹீமோஃபீலியா ஏ என்று பெயர்.

காரணம் என்ன? இரத்தம் உறைவதற்குப் பல புரதங்கள் தேவை. அவற்றுள் ஒன்று 'எட்டாம் காரணி'. அதைத் தயாரிக்கும் குறிப்பு எக்ஸ் குரோமோசோமிலுள்ள ஒரு மரபணுவில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் குரோமோசோம்கள் இரண்டு. ஒன்று பழுதானாலும் மற்றது பெரும்பாலும் ஈடுசெய்துவிடும். ஆணுக்கு இருப்பதோ ஒன்றுதான். அது பழுதானால், வாழ்நாள் முழுவதும் ஊசிமருந்தை நம்பியிருக்க வேண்டியதுதான்.

வேலூரில் என்ன செய்தார்கள்?

மருந்துக்குப் பதிலாக நல்ல மரபணுவையே கொடுத்துவிட்டால் என்ன? வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இதைச் செய்து பார்த்தனர். இரத்தத்தை உண்டாக்கும் குருத்தணுக்களை நோயாளியின் உடலிலிருந்தே எடுத்தனர். நோய் உண்டாக்காதபடி மாற்றப்பட்ட ஒரு வைரஸை வாகனமாகக் கொண்டு, அவற்றினுள் நல்ல மரபணுவைச் சேர்த்தனர். பிறகு அவ்வணுக்களை நோயாளிக்கே திரும்பச் செலுத்தினர். 5 பேருக்கு இச்சிகிச்சை அளித்ததன் முடிவுகள் 2024 டிசம்பரில் வெளியாயின. சிகிச்சைக்குப் பின் கண்காணித்த காலத்தில் அவர்களுள் எவருக்கும் இரத்தக் கசிவு ஏற்படவில்லை.

இதில் அபாயமே இல்லையா? உண்டு. புதிய அணுக்களுக்கு எலும்பு மஜ்ஜையில் இடம் ஏற்படுத்தக் கடுமையான மருந்துகள் தரவேண்டும். ஆனால் சிகிச்சை பெற்றவர்கள் 22 முதல் 41 வயதுள்ளவர்கள். நன்மை தீமைகளைக் கேட்டறிந்து சம்மதித்தவர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மாற்றப்பட்டவை இரத்தத்தை உண்டாக்கும் அணுக்கள் மட்டுமே, விந்தணுக்கள் அல்ல. அவர்களில் ஒருவருக்கு மகள் பிறந்தால், தந்தையின் பழைய எக்ஸ் குரோமோசோமே அவளுக்குப் போய்ச் சேரும். மாற்றம் அவரோடு நின்றுவிடுகிறது.

கருவிலேயே திருத்தினால்?

கரு, தொடக்கத்தில் ஒரே ஓர் உயிரணுதான். அந்நிலையில் மரபணுவைத் திருத்தினால், அம்மாற்றம் உடலின் எல்லா அணுக்களுக்கும் செல்லும். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் தொடரும். சீனாவில் ஹெ ஜியான்குய் என்ற விஞ்ஞானி, 'கிரிஸ்பர்' என்னும் மரபணுக் கத்தரிக்கோலைக் கொண்டு இதைச் செய்தார். எய்ட்ஸ் கிருமி தொற்றாத குழந்தைகளை உருவாக்குவதே நோக்கம் என்றார். இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்த செய்தி 2018 நவம்பரில் வெளிவந்தது. ஆனால் மரபணு அவர் எண்ணியபடி மாறியிருக்கவில்லை. தந்தையிடமிருந்து குழந்தைக்குக் கிருமி பரவாமல் தடுக்க வேறு எளிய வழிகளும் இருந்தன. 2019-இல் அவருக்கு 3 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அதே ஆண்டில் வெளியிட்ட நெறிமுறைகளும், சந்ததிக்குத் தொடரும் இத்தகைய மாற்றத்தைத் தடை செய்கின்றன.

ஏன் இந்தத் தடை?

முதலாவது, பிழை நேர்ந்தால் அதைத் திரும்பப் பெற முடியாது. இரண்டாவது, இனிப் பிறக்கப்போகிறவரிடம் யாரும் சம்மதம் கேட்க முடியாது. மூன்றாவது காரணம் நம்மிடமே இருக்கிறது.

கருவிலுள்ள குழந்தையின் குறைபாடுகளை அறியும் சோதனைகள் 1970-களில் நம் நாட்டுக்கு வந்தன. நோயறியத்தான் வந்தன. ஆனால் விரைவிலேயே, கருவிலிருப்பது பெண்ணா என்று அறிந்து கலைப்பதற்குப் பயன்படலாயின. 1994-இல் இதைத் தடுக்கச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகும், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கடலூர் மாவட்டத்தில் ஆறு வயது வரையிலான 1,000 ஆண் குழந்தைகளுக்கு 900 பெண் குழந்தைகள்கூட இல்லை. பெண் சிசுக்களைக் காக்கும் தொட்டில் குழந்தைத் திட்டத்தை அரசு இம்மாவட்டத்துக்கும் கொண்டுவந்தது. கருவி நோயைத் தேடத்தான் வந்தது. அதைக் கையிலெடுத்த சமுதாயமோ பெண்ணையே குறையாகக் கண்டது!

இதே சமுதாயத்தின் கையில் கருவைத் திருத்தும் கருவி கிடைத்தால் எதையெல்லாம் குறை என்போம்? 'சிவந்த நிறமுள்ள மணமகள் தேவை' என்ற விளம்பரங்களை நீங்களும் படித்திருப்பீர்கள். கறுப்பு நிறம் நோயா? குட்டையாக இருப்பது நோயா?

ஹீமோஃபீலியாவால் மூட்டு வீங்கித் துடிப்பவருக்கு மரபணுச் சிகிச்சை ஒரு வரப்பிரசாதம். அந்த ஆராய்ச்சி வளரவேண்டும். ஆனால் எது நோய், எது வெறும் வேற்றுமை என்பதை நுண்ணோக்கி சொல்லாது, நாம்தான் சொல்லவேண்டும். அந்தக் கோட்டை நீங்கள் எங்கே போடுவீர்கள்? உங்கள் வகுப்பில் ஒரு நாள் விவாதித்துப் பாருங்களேன்.