காலநிலை மாற்றம் கப்சாவா? நெய்வேலி நிலக்கரியே சொல்லும் பதில்

நெய்வேலியைப் பஸ்ஸில் கடக்கிறவர்கள் ஜன்னல் வழியே காட்டும் காட்சி ஒன்று உண்டு. அனல்மின் நிலையத்தின் அகலமான கோபுரங்களிலிருந்து கொத்துக்கொத்தாக எழும் வெள்ளை மேகம். "பாரு, எவ்ளோ புகை" என்பார்கள். அது புகையே அல்ல. குளிர்விப்புக் கோபுரத்திலிருந்து வரும் வெறும் நீராவி. பக்கத்தில் ஒல்லியாக உயர்ந்து நிற்கும் புகைபோக்கி வழியே போகும் கார்பன் டை ஆக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

கண்ணுக்குத் தெரிவதைப் பற்றிச் சண்டை இல்லை. சண்டைக்குக் காரணமானதோ கண்ணுக்குத் தெரிவதில்லை. காலநிலை மாற்றம் பற்றி டீக்கடையிலும் வாட்ஸ்அப் குழுவிலும் கிளம்பும் சந்தேகங்கள் பலவற்றுக்கும் இதுதான் தொடக்கம். அந்தச் சந்தேகங்களை நெய்வேலியிலேயே வைத்து ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். ஏனென்றால், இந்த ஊருக்கு இது வெறும் விவாதம் இல்லை, சாப்பாடு.

ஏன் நெய்வேலி?

1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது. அதுதான் லிக்னைட் எனப்படும் பழுப்பு நிலக்கரி. 1956-இல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் உருவானது. 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். சோவியத் உதவியுடன் கட்டப்பட்ட முதல் அனல்மின் நிலையம் 1962-இல் மின்சாரம் தர ஆரம்பித்தது. இன்று என்.எல்.சி. இந்தியா என்ற பெயரில் இயங்கும் அந்த நிறுவனத்தின் நெய்வேலிச் சுரங்கங்களுக்கு, ஆண்டுக்கு 2.5 கோடி டன்னுக்கும் மேல் நிலக்கரி வெட்டும் திறன் உண்டு.

வட்டம் வட்டமாகப் பிரித்துக் கட்டிய நகரியம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மந்தாரக்குப்பம் கடைத்தெரு எல்லாமே அந்தக் கரியை நம்பி எழுந்தவை. "அந்தக் கரிதான் உலகத்தைச் சூடாக்குது" என்று யாராவது சொன்னால், அதைக் கேட்கிறவருக்கு அது இயற்பியல் பாடமாகத் தெரியாது. "உன் வேலை போகப் போகுது" என்றுதான் காதில் விழும்.

"மார்கழியில போர்வை தேடுறோம், இதுல எங்க வெப்பமாதல்?"

இது வானிலையையும் காலநிலையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வரும் கேள்வி. ஒரு நாள் வசூலை வைத்து ஒரு கடை லாபத்தில் ஓடுகிறதா, நட்டத்தில் ஓடுகிறதா என்று சொல்ல முடியாது. வருஷக் கணக்கைப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்துத்தான், 2015 முதல் 2024 வரையிலான பத்து ஆண்டுகளும் அதுவரை பதிவான வரலாற்றிலேயே மிக வெப்பமான பத்து ஆண்டுகள் என்று உலக வானிலை அமைப்பு 2025-இல் சொன்னது. 2024-இன் சராசரி, தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிடச் சுமார் 1.55 டிகிரி செல்சியஸ் அதிகம். நடுவில் சில குளிர்ந்த காலைகள் வரத்தான் செய்யும். அதனால் கணக்கு மாறாது.

"பூமி எப்பவும் சூடாகும், குளிரும். இது இயற்கைதானே?"

பாதி உண்மை. நெய்வேலிக்கு அடியில் கிடக்கும் நிலக்கரியே, ஒரு காலத்தில் இங்கே சதுப்பு நிலக் காடு இருந்ததற்குச் சாட்சி. பூமியின் காலநிலை முன்பும் மாறியது என்பதைக் கண்டுபிடித்துச் சொன்னவர்களும் அதே விஞ்ஞானிகள்தான். வித்தியாசம் வேகத்தில் இருக்கிறது. கடைசிப் பனியுகம் முடிந்து பூமியின் சராசரி வெப்பம் சுமார் 5 டிகிரி உயர, ஏறக்குறைய 10,000 ஆண்டுகள் ஆயின. இப்போது ஒரு டிகிரிக்கும் மேல் உயர்வதற்கு ஒன்றரை நூற்றாண்டே போதுமானதாக இருந்திருக்கிறது.

சரி, சூரியன் காரணமாக இருக்கலாமே? 1970களின் இறுதியிலிருந்து செயற்கைக்கோள்கள் சூரியனின் ஆற்றலை அளந்து வருகின்றன. அதில் ஏறுமுகம் ஏதும் இல்லை. இன்னொரு தடயமும் உண்டு. சூரியன்தான் காரணம் என்றால் வளிமண்டலத்தின் கீழடுக்கு, மேலடுக்கு இரண்டும் சூடாக வேண்டும். ஆனால் கீழடுக்கு சூடாகிறது, ஸ்ட்ராடோஸ்பியர் எனப்படும் மேலடுக்கு குளிர்கிறது. கார்பன் டை ஆக்ஸைடு கூடினால் இப்படித்தான் நடக்கும் என்று 1967-லேயே கணக்குப் போட்டுக் காட்டியவர் ஸ்யுகுரோ மனாபே. 2021-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

எரிமலைகள்? அவை ஆண்டுதோறும் வெளிவிடும் கார்பன் டை ஆக்ஸைடு, மனிதர்கள் வெளிவிடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

"காத்துல இருக்கறது நாம எரிச்ச கரிதான்னு எப்படிச் சொல்றாங்க?"

இங்கேதான் நெய்வேலி நிலக்கரியே சாட்சிக் கூண்டில் ஏறுகிறது. உயிரோடு இருக்கும் எல்லா மரம் செடியிலும் கார்பன்-14 என்ற கதிரியக்க அணு மிகச் சிறிய அளவில் இருக்கும். மரம் செத்த பிறகு அது தேயத் தொடங்கும். 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். சுமார் 50,000 ஆண்டுகள் கழிந்தால் அளக்கக்கூட மிஞ்சாது. நெய்வேலி நிலக்கரியின் வயதோ கோடி ஆண்டுகளைத் தாண்டியது. அதில் கார்பன்-14 துளியும் இல்லை. உலகின் எந்த நிலக்கரியிலும் பெட்ரோலியத்திலும் இதே நிலைதான்.

ஆகவே அவற்றை எரித்தால், கார்பன்-14 இல்லாத 'பழைய' கார்பன் காற்றில் கலந்து, இருப்பதை நீர்க்கச் செய்ய வேண்டும். பாலில் தண்ணீர் கலந்தால் அடர்த்தி குறைவது மாதிரி. மரங்களில் இருந்த கார்பனை அளந்து, இது உண்மையிலேயே நடக்கிறது என்று ஹான்ஸ் சூயஸ் 1955-இல் காட்டினார். அதாவது, காற்றில் கூடியிருக்கும் கார்பனில் அதன் பூர்வீகமும் பதிந்திருக்கிறது.

அளவும் தெரியும். நேரு நெய்வேலிக்கு வந்துபோன மறு ஆண்டு, 1958-இல், ஹவாய்த் தீவின் மவுனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் கார்பன் டை ஆக்ஸைடை அளக்கத் தொடங்கினார். அப்போது பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. தொழிற்புரட்சிக்கு முன் அது 280 அளவில்தான் இருந்தது.

இன்னொரு சிறிய கணக்கு. ஒரு கிலோ கார்பன் எரிந்தால் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் சேர்த்துக்கொண்டு ஏறக்குறைய 3.7 கிலோ கார்பன் டை ஆக்ஸைடாக மாறும். லிக்னைட்டில் ஈரப்பதம் வேறு அதிகம், கிட்டத்தட்ட பாதி எடை தண்ணீர்தான். அதை ஆவியாக்கவே வெப்பம் செலவாவதால், லிக்னைட்டில் எடுக்கும் ஒவ்வொரு யூனிட் மின்சாரத்துக்கும் ஒரு கிலோவுக்கும் மேல் கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறுகிறது.

"இதெல்லாம் வெள்ளக்காரன் கட்டுன கதை"

நெய்வேலி இருக்கும் அதே கடலூர் மாவட்டத்தில், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1965-இல் பொறியியல் பட்டம் பெற்றவர் வீரபத்ரன் ராமநாதன். குளிர்சாதனப் பெட்டிகளில் பயன்பட்ட சி.எஃப்.சி. வாயுக்களும் பூமியைச் சூடாக்கும் என்று 1975-இல் கண்டறிந்தவர் அவர்தான். 2000-ஆம் ஆண்டுவாக்கில் வெப்பமாதல் கண்கூடாகத் தெரியும் என்று 1980-இல் சக விஞ்ஞானியோடு சேர்ந்து கணித்தார். அது பலித்தது. காலநிலை அறிவியலில் தமிழ்நாட்டுக்காரர்களின் கையெழுத்தும் இருக்கிறது.

ஆனால் இந்தச் சந்தேகத்துக்கு உள்ளே நியாயமான கோபம் ஒன்று இருக்கிறது. அதைத் தள்ளிவிட முடியாது. 1991-இல் டெல்லியைச் சேர்ந்த அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் ஒரு சிறு நூல் எழுதினார்கள். அமெரிக்க ஆய்வு நிறுவனம் ஒன்று, வெப்பமாதலுக்கான பழியில் பெரும்பங்கை இந்தியா, சீனா போன்ற நாடுகள் மீது போட்டதை எதிர்த்தார்கள். மக்கள்தொகைக்கு ஏற்பப் பங்கு பிரித்தால் கணக்கே தலைகீழாகும் என்று எண்களோடு காட்டினார்கள். இன்றைக்கும் இந்தியர் ஒருவரின் சராசரி கார்பன் டை ஆக்ஸைடு உமிழ்வு ஆண்டுக்குச் சுமார் 2 டன். அமெரிக்கர் ஒருவருக்கு அது 14 டன் அளவில் இருக்கிறது.

கவனிக்க வேண்டியது இதுதான்: அவர்கள் அறிவியலை மறுக்கவில்லை, பங்கீட்டைத்தான் கேள்வி கேட்டார்கள். 'இது உண்மையா?' என்பது ஒரு கேள்வி. 'யார் பொறுப்பு? யார் செலவு செய்வது?' என்பது வேறு கேள்வி. இரண்டாவது கேள்வியில் இருக்கும் கோபத்தை எடுத்து முதல் கேள்விக்குப் பதிலாக வைத்தால்தான் "எல்லாம் கப்சா" என்று முடிகிறது. வேடிக்கை என்னவென்றால், கப்சா என்ற பிரசாரத்தைப் பல ஆண்டுகள் காசு கொடுத்து வளர்த்ததே மேற்கத்திய எண்ணெய், நிலக்கரி நிறுவனங்கள்தான். எக்ஸான் நிறுவன விஞ்ஞானிகள் 1970களின் இறுதியிலிருந்தே வெப்பமாதலைச் சரியாகக் கணித்திருந்தார்கள் என்று 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது.

சந்தேகப்படுவதே தப்பா?

இல்லவே இல்லை. சந்தேகத்தில் இரண்டு வகை உண்டு. "அளந்து பார்" என்று சொல்வது ஒன்று. "அளக்கவே வேண்டாம்" என்று சொல்வது இன்னொன்று.

2023 ஆகஸ்டில் பூவுலகின் நண்பர்கள் அமைப்பு ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. நெய்வேலியைச் சுற்றிய ஊர்களில் எடுத்த தண்ணீர் மாதிரிகளில், வடக்கு வெள்ளூரில் எடுத்த ஒன்றில் பாதரசம் அனுமதித்த அளவைப்போல 250 மடங்கு இருந்ததாக அது சொன்னது. நிறுவனம் இதை ஏற்கவில்லை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விஷயத்தைக் கையில் எடுத்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் மாதிரி எடுக்க வேண்டியதாயிற்று.

இங்கே சந்தேகப்பட்டது சாதாரண ஜனங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சரியில்லை என்ற சந்தேகம், சோதனைக் குழாயில் போய் நின்றது. அறிவியல் நடப்பதே இந்த வழியில்தான். காலநிலை அறிவியலும் இதே மாதிரி அளவீடு, மறுப்பு, மறு அளவீடு என்று ஒன்றரை நூற்றாண்டு அடிபட்டுத்தான் வந்திருக்கிறது. கிணற்றுத் தண்ணீருக்கு ஆய்வக முடிவைக் கேட்டுவிட்டு, காற்றுக்கு மட்டும் அதே ஆய்வகத்தை நம்ப மாட்டேன் என்பது சரியாக வராது.

அப்போ நெய்வேலி என்ன ஆகும்?

இதுதான் நிஜமான கேள்வி. இதற்கு இயற்பியல் பதில் சொல்லாது.

முதல் அனல்மின் நிலையம் 58 ஆண்டுகள் ஓடி 2020-இல் மூடப்பட்டது. 1,000 மெகாவாட் திறனில் புதிய நிலையம் வந்தது. என்.எல்.சி. சூரிய மின்சாரத்திலும் 1,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஆனால் அந்த சோலார் பலகைகளில் பெரும்பகுதி நிற்பது தென்மாவட்டங்களில். ஒரு சுரங்கத்தைச் சுற்றி இருக்கும் அளவுக்கு ஆள் வேலை ஒரு சோலார் பூங்காவில் கிடையாது. நிரந்தரப் பணிக்காகப் பல காலமாகக் கொடி பிடிக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு, "2070-இல் நிகர பூஜ்ஜிய உமிழ்வு" என்று இந்தியா 2021-இல் கிளாஸ்கோவில் அறிவித்தது எந்தத் தெம்பையும் தராது.

மறுபக்கம் விவசாயி. 2023 ஜூலையில் வளையமாதேவியில், பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்ட, பச்சைப் பயிர் நின்ற வயலில் இயந்திரங்கள் இறங்கின. முன்பே கையகப்படுத்தி இழப்பீடு கொடுத்த நிலம் என்றது நிறுவனம். பயிர் நிற்கும்போது இறங்கலாமா என்றது ஊர். அதே ஆண்டு ஏப்ரலில், காவிரிப் படுகையை ஒட்டிய மூன்று புதிய நிலக்கரித் தொகுதிகள், முதல்வர் எதிர்ப்புத் தெரிவித்த பிறகு ஏலப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்த மாவட்டத்தின் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. அந்தப் புயலுக்கு வெப்பமாதல்தான் காரணம் என்று சொன்னால் அது அறிவியல் இல்லை. ஆனால் காற்று ஒரு டிகிரி சூடானால் அது பிடித்து வைக்கும் ஈரம் சுமார் 7 சதவீதம் கூடும், அதனால் கொட்டும்போது மழை கூடுதலாகக் கொட்டும் என்பது அறிவியல். 2015-லும் 2024-லும் வெள்ளம் பார்த்த கடலூர்க்காரர்கள் கவலைப்பட வேண்டியது இந்த 7 சதவீதத்தைப் பற்றித்தான்.

அடுத்த ஃபார்வர்ட் வரும்போது

"காலநிலை மாற்றம் பொய்" என்று ஒரு வீடியோ வந்தால் மூன்று விஷயம் கேட்டுப் பார்க்கலாம். ஒரு நாள் வெயில் மழையைச் சொல்கிறதா, முப்பது வருஷக் கணக்கைச் சொல்கிறதா? 'உண்மையா' என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறதா, 'யார் பொறுப்பு' என்பதற்குத் தாவுகிறதா? தான் சொல்வதை இன்னொருவர் அளந்து சரிபார்க்க வழி விடுகிறதா? "புயல் எல்லாத்துக்கும் வெப்பமாதல்தான் காரணம்" என்று எதிர்த்திசையில் வரும் வீடியோவுக்கும் இதே மூன்றுதான்.

நெய்வேலியில் இன்று பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை ஓய்வு பெறும் வயதுக்கு வரும்போது 2070 எட்டியிருக்கும். அதற்குள் சுரங்கம் மெல்ல அடங்கும்போது தொழிலாளிக்கு என்ன வேலை, நிலம் கொடுத்தவருக்கு எது திரும்பும், தோண்டிய பள்ளமும் மண்மேடும் என்ன ஆகும் என்று இப்போதே பேசி எழுதி வைக்க வேண்டியிருக்கிறது. கரி எரிந்தால் பூமி சூடாகுமா என்ற கேள்விக்கு விடை கிடைத்துப் பல காலம் ஆகிறது. அதிலேயே நின்று வாதாடும் ஒவ்வொரு வருஷமும், இந்த மூன்று கேள்விகளைப் பேச வேண்டிய நேரத்திலிருந்துதான் கழிகிறது.