பிரிட்டன் விசா மறுப்பு: ரிவ்யூ கேட்பதா, புதிதாக விண்ணப்பிப்பதா?

‘ஜிஎம்சி பதிவு இல்லை’ என்று சொல்லி, ஒரு டாக்டரின் பிரிட்டன் வேலை விசா மறுக்கப்படுகிறது. அடுத்து என்ன செய்யலாம்?

வெளிநாட்டிலிருந்து விண்ணப்பித்தவர், முடிவு கைக்கு வந்த 28 நாளுக்குள் 80 பவுண்டு கட்டி ‘அட்மினிஸ்ட்ரேட்டிவ் ரிவ்யூ’ கேட்கலாம். இது கோர்ட் அப்பீல் இல்லை. முடிவெடுத்த அதிகாரி தப்பு செய்தாரா என்று மட்டுமே பார்ப்பார்கள்.

பதிவுச் சான்றை முதலிலேயே கொடுத்தும் அதிகாரி கவனிக்கவில்லையா? ரிவ்யூ கேளுங்க. அப்போது பதிவே இல்லையா? பிறகு வாங்கிய சான்றைப் பொதுவாக ரிவ்யூவில் ஏற்க மாட்டாங்க. பதிவை முடித்துவிட்டுப் புதிதாக விண்ணப்பிப்பதே வழி.

இரண்டையும் சேர்த்துச் செய்யாதீங்க. புது விண்ணப்பம் போட்டால் ரிவ்யூ ரத்தாகிவிடும்.

பிசினஸ் மீட்டிங்குக்கான விசிட்டர் விசா என்றால், இந்த ரிவ்யூ வசதியே கிடையாது.