பழைய கூட்டுக்குப் புதுக் கோழி

கிழக்குக் கரையின் முஸ்லிம் ஊர்களில் கோழி பெண்களின் சொத்து. வீடு வளவு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவதால், அந்த வளவில் மேய்கிற கோழியும் அது தரும் முட்டைக் காசும் வீட்டுக்காரியின் கணக்கில்தான் சேரும். கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் என்று எங்கே போனாலும் இதுதான் வழக்கம். 2022இன் பொருளாதார நெருக்கடியில் கோழித்தீன் கிடைப்பதே பாடாகி, 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலைக்கு நாடு வந்தபோது, விறகு அடுக்க மட்டும் பயன்பட்ட பழைய கூடுகள் பலவற்றில் மறுபடியும் கோழி ஏறியது.

அப்படி வாங்கிய கோழிகளுக்கு இப்போது வயதாகிவிட்டது. முட்டை குறைகிறது. சந்தையில் இரண்டு மூன்று விடைக்கோழிகளை வாங்கி வந்து பழையவற்றோடு விட்டால், அசருக்கு முன்னமே முறைப்பாடு வந்துவிடும்: "பழசெல்லாம் சேந்து புதுசக் கொத்திக் கொல்லப் பாக்குது ராத்தா, என்ன செய்ற?"

உம்மும்மாமார் காலத்தில் இந்தக் கேள்வி அதிகம் எழவில்லை. அன்று புதுக் கோழி வெளியிலிருந்து வரவில்லை. அடைக்கோழியின் வயிற்றுக்குக் கீழிருந்து வந்தது. குஞ்சுகள் தாயின் பின்னால் வளவு முழுக்கத் திரியும். கிட்ட வருகிற மற்றக் கோழியைத் தாய் சிலிர்த்துக்கொண்டு விரட்டும். ஒன்றரை இரண்டு மாதத்தில் தாயே குஞ்சுகளைக் கொத்திப் பிரித்துவிடும்போது, அந்தக் கூட்டத்தில் யார் பெரியவர், யாருக்கு வழிவிட வேண்டும் என்பதெல்லாம் அவற்றுக்கு ஏற்கெனவே பாடம். அறிமுகப்படுத்தும் வேலையைத் தாய்க்கோழி செய்து முடித்திருக்கும். வாங்கி வருகிற விடைக்கோழிக்கு அந்தத் தாய் இல்லை. அதன் இடத்தில் நாம்தான் நிற்க வேண்டும்.

கோழிகளுக்குள் ஒரு வரிசை உண்டு என்பதை அறிவியலாகப் பதிந்தவர் நோர்வேக்காரரான தோர்லைஃப் ஷெல்டெரூப்-எப்பே. 1894இல் பிறந்த இவர் சிறுவனாக இருந்தபோதே கோழிகளை உற்றுப் பார்த்து, எது எதைக் கொத்துகிறது என்று குறித்து வைத்தவர். 1922இல் வந்த அவருடைய ஆய்வுதான் கொத்து வரிசை என்ற கருத்தை உலகுக்குக் கொடுத்தது. முதலாவது கோழி எல்லாவற்றையும் கொத்தலாம். கடைசிக் கோழி எதையும் கொத்த முடியாது. நடுவில் உள்ளவை மேலே வாங்கிக் கீழே கொடுக்கும். வரிசை எப்போதும் நேர்கோடாக இருப்பதில்லை என்பதையும் அவர் கண்டார். அ ஆவைக் கொத்தும், ஆ இயைக் கொத்தும், ஆனால் இ வந்து அவைக் கொத்தும். (அவர் தன் பேராசிரியரோடு முரண்பட்டு நோர்வேயின் கல்வி உலகில் இடம் கிடைக்காமல் போனது தனிக் கதை. கொத்து வரிசை மனிதருக்கும் உண்டுதானே.)

இந்த வரிசை கூட்டத்துக்குப் பொதுவான ஒரு பட்டியல் அல்ல. இரண்டிரண்டு கோழிகளுக்கு இடையில் நடந்து முடிந்த தீர்ப்புகளின் தொகை அது. ஐந்து கோழிகள் இருந்தால் பத்துச் சோடிகள். பத்துத் தீர்ப்பும் முடிந்திருப்பதால் வளவு அமைதியாக இருக்கிறது. அதற்குள் மூன்று புதுக் கோழிகளை விட்டால், அவை தமக்குள் முன்பே தெரிந்தவையாக இருந்தாலும், பழையவற்றோடு பதினைந்து புதுத் தீர்ப்புகள் எழுதப்பட வேண்டும். ஒரேயொரு கோழியை விட்டால் ஐந்துதான். ஆனால் அந்த ஐந்தும் ஒரே தலையில் விழும். ஒதுங்கி நிற்கும்போது பக்கத்தில் நிற்கவும் ஆளிருக்காது. ஒன்றை வாங்குவதைவிட இரண்டு மூன்றாக, ஒரே இடத்தில் வளர்ந்தவற்றை வாங்குவது நல்லது என்பதற்குக் காரணம் இந்தக் கணக்கு.

தீர்ப்பு நிலைக்க வேண்டுமென்றால் கோழிக்கு ஆள் அடையாளம் தெரிய வேண்டும். தெரிகிறது. 1953இல் அமெரிக்காவின் கன்சாஸில் கூல், ஓர்ட்மன் என்ற இருவர் கோழிகளின் கொண்டையையும் தலை, கழுத்துப் பகுதியின் தோற்றத்தையும் மாற்றிப் பார்த்தார்கள். அதுவரை சேர்ந்து மேய்ந்த கோழியையே கூட்டாளிகள் அந்நியராக நினைத்துத் தாக்கின. முகம் மாறினால் ஆள் மாறிப்போகிறது. ஒக்ஸ்போர்டின் மரியன் ஸ்டாம்ப் டோக்கின்ஸ் 1990களில் காட்டிய இன்னொரு விஷயம், அடையாளம் காணக் கோழி ஏறக்குறைய ஓர் அடி நெருக்கத்துக்கு வர வேண்டியிருக்கிறது என்பது. வளவின் அந்தக் கோடியில் புதுக் கோழியைக் கட்டி வைத்துவிட்டு 'பழகிப்போச்சு' என்று சொல்வதில் பொருளில்லை.

பெரிய பண்ணையில் கதை வேறு. டீத், கீலிங் என்ற ஆய்வாளர்கள் 2003இல் பத்துக் கோழிக் கூட்டங்களையும் நூற்றிருபது கோழிக் கூட்டங்களையும் ஒப்பிட்டார்கள். பத்தில் அந்நியர் அடி வாங்கியது. நூற்றிருபதில் அந்நியரை யாரும் பொருட்படுத்தவில்லை. எல்லா முகத்தையும் நினைவில் வைக்க முடியாத இடத்தில் வரிசை கலைந்து சகிப்பு வந்துவிடுகிறது. ஐந்தாறு கோழி உள்ள நம் வளவுதான் மிகக் கடினமான இடம்.

வரிசையில் தோற்ற கோழி தன் தோல்வியை எப்படிச் சொல்லும்? விலகிப் போய்த்தான் சொல்லும். தலையைத் தாழ்த்தி நாலு எட்டு ஓடிவிட்டால், வென்றது ஓரிரு எட்டுத் துரத்திவிட்டு மேயப் போய்விடும். ஓட இடமில்லாத மூலையில் அகப்பட்ட கோழி, தோற்றதைச் சொல்ல முடியாமல் நிற்கிறது. வென்றதோ அது இன்னும் எதிர்த்து நிற்பதாக எடுத்துக்கொண்டு கொத்துகிறது. வளவுச் சண்டை கொலையில் முடிவதற்கு முதற் காரணம் பழைய கோழியின் குணமல்ல, நாம் கட்டிய மதில் என்பேன். கிடுகு வேலிக் காலத்தில் தோற்ற கோழி பொட்டுக்குள்ளால் நுழைந்து அடுத்த வளவுக்குப் போய், மஃரிபுக்குக் கூடு அடைய வந்துவிடும். இன்று கல்முனை நாட்டின் நெருக்கமான நகரங்களில் ஒன்று. 2004 சுனாமிக்குப் பிறகு கடலோரக் குடும்பங்கள் பல உள்ளே நகர்ந்ததில் நெருக்கம் இன்னும் கூடியது. சில பேர்ச் காணியில் வீடு போக மிஞ்சிய மணல் துண்டு, சுற்றிவர ஆளுயர மதில். அதில்தான் இந்தப் பதினைந்து தீர்ப்பும் நடக்க வேண்டும்.

இதற்கெல்லாம் முந்திய வேலை ஒன்று உண்டு. கொத்தை நாம் கண்ணால் பார்க்கிறோம். நோய் கண்ணுக்குத் தெரியாமல் வருகிறது. ராணிக்கெட் நோய்க் கிருமி புகுந்து அறிகுறி தெரிய இரண்டு நாளும் ஆகலாம், பதினைந்து நாளும் ஆகலாம். பச்சைக் கழிச்சலும் கழுத்துத் திருகலும் தெரியும்போது, தடுப்பூசி போடாத கூட்டத்தில் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். ஆபத்து ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வருவதல்ல. இரத்தக் கழிச்சல் நோயின் கிருமியைப் பழைய கோழிகள் நோயில்லாமலே எச்சத்தில் வெளியேற்றிக் கொண்டிருக்கும். கம்பிக் கூட்டில் வளர்ந்து அந்தக் கிருமியைக் காணாத விடைக்கோழிதான் அதற்குப் பலியாகும். தெருவில் மேய்ந்த கோழியை அறுக்கும் முன் மூன்று நாள் அடைத்துச் சுத்தமான தீன் கொடுப்பது இந்த ஊர்களில் பேணப்படும் முறை. அடைத்து வைப்பது நமக்குப் புதிதல்ல. ஆனால் வாங்கி வந்த கோழிக்கு மூன்று நாள் போதாது, மூன்று கிழமையாவது வேண்டும். பழையவற்றுக்கு முதலில் தீன் வையுங்கள், புதியவற்றுக்குப் பிறகு. பிறகு கையையும் செருப்பையும் கழுவுங்கள். வளவு சிறிதென்றால் கோழி வளர்க்காத தங்கச்சி வீடோ சாச்சி வீடோ இதற்கு நல்ல இடம்.

அந்த மூன்று கிழமை கழிந்ததும் வலை வேலை. கூட்டிலோ வெளியிலோ கம்பிவலையால் ஒரு பகுதியைப் பிரித்து, புதியவற்றை அதற்குள் விட்டு, இரு பக்கத் தீன் சட்டிகளையும் வலையை ஒட்டியே வைக்க வேண்டும். பலகையோ தகரமோ கூடாது. டோக்கின்ஸ் சொன்ன அந்த ஓர் அடி நெருக்கம் வலையில்தான் கிடைக்கும். இந்தக் கரையில் மணமுடித்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குக் குடிவருவார். எங்கே உட்காருவது, எவ்வளவு பேசுவது என்று கொஞ்சக் காலம் பார்த்து நடப்பார். கோழிக்கு அந்த அவகாசம் ஒரு கிழமையாவது வேண்டும். வலையை நோக்கிப் பாய்கிற பழைய கோழி பாய்வதை விட்டு, பக்கத்தில் நின்று தன்பாட்டில் தின்னத் தொடங்கினால் திறக்கலாம்.

இரவில் யாருக்கும் தெரியாமல் புதுக் கோழியைக் கூட்டுக் கம்பில் ஏற்றிவிடும் யுக்தியைப் பலர் சொல்வார்கள். கோழிக்கு இருட்டில் பார்வை மந்தம். அதனால் இரவு அமைதியாகத்தான் கழியும். விடிந்ததும் பதினைந்து கணக்கும் அப்படியே காத்திருக்கும். வலைக்குப் பிறகு செய்தால் இது உதவும். வலைக்குப் பதிலாகச் செய்தால் சண்டையை சுபஹுக்குத் தள்ளிவைத்ததுதான் மிச்சம்.

திறந்துவிடும் நாளில் வளவில் ஓட்டத்துக்கு இடம் செய்ய வேண்டும். நிலத்தைப் பெரிதாக்க முடியாதுதான், ஆனால் மூலையை இல்லாமல் செய்யலாம். சாய்த்து வைத்த ஒரு பலகை, கவிழ்த்த கூடை, குறுக்கே ஒரு தென்னை மட்டை, ஏறி நிற்க இரண்டு உயரத்தில் கம்பு. பார்வை மறைந்தாலே துரத்தல் பாதி நின்றுவிடும். தீனையும் தண்ணீரையும் ஒரே இடத்தில் வைக்காமல், ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாதபடி இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். விடைக்கோழி கொத்தில் சாவதைவிட, தீன் சட்டியை நெருங்க விடாமல் பட்டினியில் மெலிவதே அதிகம். மாலையில் கையில் தூக்கி இரைப்பையைத் தடவிப் பார்த்தால் தின்றதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

எந்தத் தீன் என்பதிலும் கவனம் வேண்டும். முட்டைக் கோழிக்கான லேயர் தீனில் கல்சியம் நூற்றுக்கு மூன்றரை, நான்கு பங்கு இருக்கும். இன்னும் முட்டையிடாத கோழிக்கு ஒரு பங்கு அளவே போதும். மிஞ்சியது சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆகவே கலந்த கூட்டத்துக்கு எல்லாமே குறோவர் தீன், பக்கத்தில் தனிச் சட்டியில் இடித்த சிப்பி. முட்டையிடுகிறவை தேவைக்கு எடுத்துக்கொள்ளும், மற்றவை பெரும்பாலும் சீண்டாது. கடற்கரையில் சும்மா கிடக்கிற சிப்பியை உப்புப் போகக் கழுவி இடித்தால் காசும் மிச்சம்.

காலத்தையும் பாருங்கள். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் வேண்டாம். கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை, அந்த வெக்கையில் துரத்தப்படுகிற கோழி இளைத்தே விழும். மாரியிலும் வேண்டாம், மழைக்கு எல்லாம் ஒரே கூட்டில் அடைந்து கிடக்கும், ஈரத்தில் இரத்தக் கழிச்சலும் பெருகும். பெரும்போக அறுவடை முடிந்து தவிடும் குறுணலும் மலிந்திருக்கும் மாசி பங்குனியே நல்ல நேரம்.

எப்போது தலையிடுவது? துரத்தலுக்கும் ஓரிரு கொத்துக்கும் கை வைக்காதீர்கள். நீங்கள் பிரித்தால் தீர்ப்பு முடியாமல் நாளைக்கு மறுபடி தொடங்கும். இரத்தம் தெரிந்தால் மட்டும் உடனே பிரியுங்கள். சிவப்பைக் கண்டால் அதுவரை சும்மா நின்ற கோழியும் கொத்த வரும். ஆனால் அடிபட்டதை நெடுநாள் கண்ணில் படாமல் மறைத்து வைத்தால் திரும்பி வரும்போது மறுபடியும் அந்நியர்தான். காயம் ஆறியதும் வலைக்கு அந்தப் பக்கம் வைப்பதே சரி. ஒரு கோழி மட்டும் விடாமல் துரத்தினால் புதியதை அல்ல, அந்தப் பழையதை நாலைந்து நாள் வேறிடத்துக்கு அனுப்புங்கள். கனடாவின் கியூபெக்கில் 1996இல் வந்த ஓர் ஆய்வு இதற்குக் காரணம் சொல்கிறது. தன்னை ஆளும் கோழியை அந்நியர் வெல்வதைப் பார்த்த கோழி, அந்த அந்நியரிடம் வாலாட்டுவதில்லை. தன் தலைவியிடம் அந்நியர் தோற்பதைப் பார்த்தால் தானும் போய்க் கொத்துகிறது. மற்றவை சும்மா நிற்கவில்லை, பார்த்துக்கொண்டு நிற்கின்றன. தலைவி அந்த இடத்தில் இல்லையென்றால் அந்தப் பாடமும் நடக்காது. கூட்டில் சேவல் இருந்தால் பேடுகளுக்குள் கொத்து குறைவதைச் சுவீடன் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். சேவல் கூவக் கேட்டால் அல்லாஹ்வின் அருளைக் கேட்கும் ஊரில் அயலவர் முறைப்பாட்டுக்குப் பயப்படத் தேவையில்லை.

இரண்டு மூன்று கிழமையில் பெரும்பாலான கூட்டம் அடங்கிவிடும். அதுவரை பழையவற்றின் முட்டையும் கொஞ்சம் குறையலாம். அடங்காவிட்டால் காரணம் அநேகமாக இடம்தான். ஒரு கோழிக்குக் கூட்டுக்குள் 4 சதுர அடி, வெளியில் 8 முதல் 10 சதுர அடி என்பது வீட்டு வளர்ப்பில் சொல்லப்படும் அளவு. அதற்குக் குறைவாக இருந்தால் வலையும் பலகையும் உதவாது. மூன்றை வாங்கும் முன் பழையதில் இரண்டையாவது விற்கவோ அறுக்கவோ வேண்டும். இன்னொன்று: ராணிக்கெட் தடுப்பு மருந்துக் குப்பி நூறு கோழிக்கும் அதற்கு மேலும் போடும் அளவில்தான் வரும், திறந்தால் வைத்திருக்க முடியாது. ஐந்து கோழிக்காரி தனியாக வாங்குவது வீண். ஒழுங்கையில் உள்ளவர்கள் கோழிகளை எண்ணிச் சேர்ந்து மிருக வைத்தியர் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். புதுக் கோழி வாங்குவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.