கையில் கத்தி... காலுக்குக் கீழே பூமி!

2018 டிசம்பர் 11. இந்திய நேரப்படி இரவு ஒன்பதரை மணி. பூமியிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், சர்வதேச விண்வெளி நிலையத்தின் கதவைத் திறந்துகொண்டு இரண்டு ரஷ்ய வீரர்கள் வெளியே வந்தார்கள். ஒருவர் ஒலெக் கொனோனென்கோ. இன்னொருவர் செர்கேய் புரோகோப்யேவ்.

அவர்கள் கொண்டுபோன கருவிகளில் முக்கியமானவை ஒரு கத்தியும் ஒரு கத்தரியும்தான். நிலையத்தோடு இணைந்து நின்ற ஒரு விண்கலத்தின் மேல் உறையைக் கத்தியால் கிழித்துப் பார்ப்பதுதான் அன்றைய வேலை!

தூக்கத்தில் வந்த சிக்கல்

விஷயம் தொடங்கியது அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதக் கடைசியில். நிலையத்தில் ஆறு பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே காற்றழுத்தம் மெல்லக் குறைவதைத் தரைக்கட்டுப்பாட்டு மையம் கவனித்தது. உடனடி ஆபத்து இல்லை என்பதால் யாரையும் எழுப்பவில்லை.

காலையில் எழுந்து தேடியபோது, புரோகோப்யேவ் உட்பட மூன்று பேர் வந்திறங்கிய சோயுஸ் எம்.எஸ்-09 விண்கலத்தில் ஓட்டை இருப்பது தெரிந்தது. அதன் விட்டம் வெறும் 2 மில்லிமீட்டர். எபாக்சி பசையில் நனைத்த துணியை வைத்து உள்பக்கம் அடைத்தார்கள். கசிவு நின்றது.

கேள்விகள் நிற்கவில்லை. விண்கல் துகள் ஏதாவது மோதியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். படங்களைப் பார்த்தால், டிரில் போட்ட துளை மாதிரி இருந்தது. போட்டது யார்? எப்போது?

விடை தேட அதிக நாள் இல்லை. துளை இருந்தது கலத்தின் முன்பகுதியில். பூமிக்குத் திரும்பும்போது அந்தப் பகுதி தனியே கழன்று, காற்று மண்டலத்தில் எரிந்துபோகும். ஆதாரமும் சேர்ந்து சாம்பலாகிவிடும். அதற்குள் வெளிப்பக்கத்தைப் பார்த்தாக வேண்டும்.

பிடிக்க இடமில்லை

நிலையத்தின் வெளிச்சுவரில் வீரர்கள் பிடித்து நகரக் கைப்பிடிகள் உண்டு. சோயுஸில் அவை கிடையாது. பறக்கும்போது வெளியே ஆள் நின்று வேலை பார்ப்பார் என்று நினைத்து அதைச் செய்யவில்லை. அதனால் 'ஸ்ட்ரெலா' என்ற நீளும் கிரேன் கம்பங்களை நீட்டி, அதைப் பிடித்துக்கொண்டு போனார்கள். துளை இருக்கும் இடத்தை நெருங்கவே ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆனது.

அதன் பிறகுதான் அசல் கஷ்டம். அரிவாள்மனையில் காய் நறுக்கும்போது பலகையைக் காலால் அழுத்திக்கொள்கிறோம். நம் உடம்பின் எடைதான் அதை நகராமல் பிடிக்கிறது. விண்வெளியில் அந்த எடை உதவிக்கு வராது. கத்தியை முன்னால் தள்ளினால், தள்ளியவர் பின்னால் போவார். ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் வெட்ட வேண்டும். நின்றிருந்த கம்பமோ லேசாகத் தொட்டாலும் ஆடக்கூடியது.

கையுறையும் எதிரிதான். உள்ளே காற்று அடைத்திருப்பதால், விரலை மடக்கும் ஒவ்வொரு முறையும் ரப்பர் பந்தைப் பிசைவது போல இருக்கும். சில மணி நேரத்தில் முன்கை சோர்ந்துவிடும்.

இத்தனைக்கும் நடுவே கையில் இருப்பது கூரான கத்தி. விண்கலத்தின் உறையைக் கிழிக்கும் முனை, வீரரின் உடையையும் கிழிக்கும். அந்த உடைக்குள்தான் அவர் மூச்சு விடும் ஆக்சிஜன் இருக்கிறது. 2007 ஆகஸ்டில் ரிக் மஸ்ட்ராக்கியோ என்ற அமெரிக்க வீரரின் கையுறைக் கட்டைவிரலில் சின்ன வெட்டு தெரிந்தது. காற்று கசியவில்லை. ஆனாலும், அவரை முன்கூட்டியே உள்ளே அழைத்துவிட்டார்கள்.

கருவி கைநழுவினால் குனிந்து எடுக்கவும் முடியாது. 2008 நவம்பரில் ஹைடிமேரி ஸ்டெஃபானிஷின்-பைப்பரிடமிருந்து நழுவிய கருவிப்பை, பல மாதங்கள் தனியாகப் பூமியைச் சுற்றிவிட்டுத்தான் எரிந்துபோனது. அதனால் எந்தக் கருவியையும் கயிறு கட்டித்தான் வெளியே எடுத்துப் போவார்கள்.

குத்தினார்கள், வெட்டினார்கள்

கொனோனென்கோவுக்கு இது நான்காவது விண்நடை. 2008-லேயே வேறொரு சோயுஸ் கலத்தின் வெளியிலிருந்து வெடிபொருள் கொண்ட போல்ட் ஒன்றைக் கழற்றி எடுத்து வந்த அனுபவம் அவருக்கு உண்டு.

முதலில் வெப்பம் தடுக்கும் பல அடுக்குப் போர்வை. கத்தியால் குத்தி, கொஞ்சம் கொஞ்சமாகக் கிழித்தார்கள். கிழிந்த இழைகள் கண்முன்னே மிதந்தன. அதற்கடியில் விண்கல் துகள்களிலிருந்து காக்கும் மெல்லிய உலோகத் தகடு. அதைக் கத்தரியால் வெட்ட வேண்டியிருந்தது. அதற்கும் அடியில் இருப்பது கலத்தின் சுவர். அதில் மட்டும் ஒரு கீறல்கூட விழக் கூடாது. உள்ளேயிருக்கும் காற்றைக் காப்பது அதுதான்.

கடைசியில், கறுப்புப் புள்ளியாகத் துளை கண்ணில் பட்டது. படம் எடுத்தார்கள். துளையைச் சுற்றி ஒட்டியிருந்த பசையில் மாதிரி எடுத்துப் பத்திரப்படுத்தினார்கள். மொத்தம் 7 மணி 45 நிமிடம். அதற்குள் பூமியை ஐந்து முறை சுற்றிவிட்டார்கள். இருவரும் உள்ளே வந்தபோது, இந்தியாவில் பொழுது விடிய இருந்தது.

ஒன்பது நாள் கழித்து, டிசம்பர் 20 அன்று, புரோகோப்யேவ் தன் இரண்டு சகாக்களோடு கஜகஸ்தானில் பத்திரமாக இறங்கினார். தன் கையால் வெட்டிப் பார்த்த அதே கலத்தில்தான் வந்தார்! துளை இருந்த பகுதி வழியிலேயே பிரிந்து எரிந்துபோனது. மாதிரிகள் அவரோடு பூமிக்கு வந்தன.

துளை உள்பக்கத்திலிருந்து போடப்பட்டது என்று பிறகு அவர் சொன்னார். யார் போட்டது என்ற கேள்விக்கான பதிலை ரஷ்யா இன்றுவரை வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆனால், அந்தப் பதிலைத் தேடும் ஆதாரம் எரியாமல் தப்பியதற்குக் காரணம், ஒரு கத்தியும் கத்தரியும், அவற்றைப் பதறாமல் பிடித்த நான்கு கைகளும்தான்.