பின்னால் வரும் லாரிக்கு நாம் எப்போது தெரிகிறோம்?

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிள்கள் வரிசை கட்டி மாமல்லபுரம் போவது இப்போது வாடிக்கையாகிவிட்டது. சிலர் பூஞ்சேரியில் திரும்பி, திருப்போரூர், கேளம்பாக்கம் வழியாகப் பழைய மாமல்லபுரம் சாலையில் சென்னைக்கு வந்துவிடுகிறார்கள். இன்னும் சிலருக்குப் புதுச்சேரிகூடப் பக்கம்தான். பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் 200 கிலோமீட்டர் முடிக்க வேண்டிய 'பிரவே' பயணத்தில் தொடங்கி 300, 400, 600 என்று ஏறிப்போகிறவர்கள் இவர்கள். பிரான்சில் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் 1,200 கி.மீ. பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பயணத்துக்குத் தகுதி பெற இந்தப் படிகளைத் தாண்டியாக வேண்டும். இதே சாலைகளில்தான் உப்பளத் தொழிலாளியும், மீன் கூடை கட்டியவரும், பள்ளி மாணவியும் நாள் தவறாமல் சைக்கிள் மிதிக்கிறார்கள். சாதாரண சைக்கிளோ, லட்ச ரூபாய் சைக்கிளோ, எல்லோரும் அஞ்ச வேண்டிய வண்டி முதுகுக்குப் பின்னால் வருகிறது.

கடற்காற்று எழுந்தபிறகு மாமல்லபுரத்திலிருந்து வடக்கே ஓட்டியவர்களுக்கு ஒன்று தெரியும். கடல் வலது கைப்பக்கம் இருக்கும்; காற்றும் அங்கிருந்தே தள்ளும். விழாமலிருக்க உடம்பு தன்னையறியாமல் வலப்பக்கம் சற்றே சாய்ந்து காற்றுக்கு முட்டுக்கொடுக்கிறது. அந்த நேரம் பார்த்து ஒரு டாரஸ் லாரி ஒட்டி முந்துகிறது என்று வையுங்கள். லாரியின் முகப்பு தள்ளிக்கொண்டு வரும் காற்று முதலில் நம்மை இடப்பக்கம் ஒதுக்கும். முகப்பு கடந்ததும் பக்கவாட்டில் அழுத்தம் குறைந்து நம்மை உள்ளே இழுக்கும். லாரியின் உடல் சுவர் மாதிரி கடற்காற்றையும் மறைத்துவிடுவதால், முட்டுக்கொடுத்த உடம்புக்கு எதிரே தாங்க எதுவும் இல்லை. சாய்ந்த பக்கமே, அதாவது லாரியின் பக்கமே, சைக்கிள் போகும். தெற்கே போகும்போது லாரி நமக்கும் கடலுக்கும் நடுவில் வராது; அதனால் இந்தச் சிக்கல் அந்தத் திசையில் அவ்வளவாக இல்லை.

'ஓரமாக விலகிக்கொள்ள வேண்டியதுதானே' என்று காரில் இருப்பவர் கேட்கலாம். சைக்கிளை நினைத்த மாத்திரத்தில் இடப்பக்கம் நகர்த்த முடியாது. ஹேண்டில்பாரை முதலில் ஒரு கணம் வலப்பக்கம் திருப்பினால்தான் சக்கரம் அந்தப் பக்கம் ஓடி, உடம்பு இடப்பக்கம் சாயும். சாய்ந்த பிறகே திருப்பம். ஓட்டுபவருக்கே தெரியாமல் கை இதைச் செய்துவிடுகிறது. ஓர மணலிலிருந்தோ எதிர்த்திசையில் வரும் பைக்கிலிருந்தோ தப்பிக்க ஒருவர் வளைந்தால், எந்தப் பக்கம் வளைந்தாலும் கொஞ்சம் இடம் இரு பக்கமும் தேவை. ஜெர்மனியில் 2020 முதல் சைக்கிளை முந்தும் வண்டி ஊருக்குள் ஒன்றரை மீட்டர், ஊருக்கு வெளியே இரண்டு மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று சட்டத்திலேயே எண் போட்டு எழுதிவிட்டார்கள். பிரான்சில் அது ஒரு மீட்டரும் ஒன்றரை மீட்டரும். இந்த எண்களைத் தயாள குணத்தின் அடையாளமாக நான் பார்க்கவில்லை. சைக்கிள் எப்படி ஓடுகிறது என்று புரிந்தவர்கள் எழுதிய சட்டம் அது.

இடைவெளி விட வேண்டுமானால் முதலில் சைக்கிள் கண்ணில் பட வேண்டும். பட்டாலும் போதாது, நாம் அதை நெருங்குகிறோம் என்று மூளைக்கு உறைக்க வேண்டும். முன்னால் போகும் பொருளின் உருவம் பார்வையில் பெரிதாகிக்கொண்டே வரும் வேகத்தை வைத்துத்தான் மூளை நெருக்கத்தை அறிகிறது. அந்த வளர்ச்சி நொடிக்கு ஏறத்தாழ 0.003 ரேடியன் என்ற அளவைத் தொட்டால்தான் மனிதக் கண்ணுக்குப் புலப்படும் என்பது ஆய்வாளர்கள் பொதுவாகக் கொள்ளும் கணக்கு. சைக்கிள்காரரின் அகலம் 60 சென்டிமீட்டர், அவர் வேகம் 20 கி.மீ., பின்னால் வரும் காரின் வேகம் 100 என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன். கார் சுமார் 67 மீட்டர் தூரத்துக்கு வந்த பிறகே அந்த வளர்ச்சி புலப்படுகிறது. கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி ஆகும். அதற்குள் இடைவெளி 33 மீட்டர் கரைந்துவிடும். மிச்சம் 34. நல்ல டயரும் காய்ந்த சாலையும் இருந்தால், வேகத்தைச் சைக்கிளின் வேகத்துக்குக் குறைக்க 35 மீட்டர் வேண்டும்.

காரின் வேகத்தை 60 ஆக்கினால் கணக்கே மாறிவிடுகிறது. இடைவெளி 47 மீட்டராக இருக்கும்போது புலப்படும். கால் பிரேக்கைத் தொடும்போது 30 மீட்டர் மீதி. தேவைப்படுவதோ ஒன்பது மீட்டர்தான். ஹெல்மெட் போட்டாரா, ஓரமாகப் போனாரா என்று ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் சைக்கிள்காரரையே விசாரிக்கிறோம். காரின் ஸ்பீடோமீட்டரில்தான் பெரிய விடை இருக்கிறது.

இருட்டிவிட்டால் உருவமும் மறைந்துபோகும். ஒற்றைச் சிவப்பு விளக்கு பக்கத்தில் இருக்கிறதா, தூரத்தில் இருக்கிறதா என்று கணிப்பது கடினம். இங்கேதான் ஓர் அழகான கண்டுபிடிப்பு உதவுகிறது. ஸ்வீடனைச் சேர்ந்த உளவியலாளர் குன்னார் யோஹான்சன், மனிதர்களின் மூட்டுகளில் மட்டும் ஒளிப்புள்ளிகளைப் பொருத்தி இருட்டில் நடக்கவிட்டார். நின்றபோது வெறும் புள்ளிகள். நடந்ததும் பார்த்தவர்கள் மனிதர் என்று உடனே சொன்னார்கள். 1973-இல் அவர் வெளியிட்ட இந்த உண்மையை ஆஸ்திரேலியாவில் ஜோன் வுட் குழுவினர் சைக்கிளுக்குப் பயன்படுத்திப் பார்த்தார்கள். இரவில், மூடிய சாலையில், கறுப்பு உடை அணிந்த சைக்கிள்காரர்களை ஓட்டுநர்கள் அடையாளம் கண்டது 2 சதவீதம். பளீர் மஞ்சள் நிற ஃப்ளோரசண்ட் சட்டைக்கு 15. அதன் பளபளப்புக்கு வெயிலின் புற ஊதாக் கதிர் வேண்டும், ஹெட்லைட்டில் அது போதாது. ஒளியைத் திருப்பி அனுப்பும் ரிஃப்ளெக்டர் சட்டைக்கு 50. அதோடு முழங்காலிலும் கணுக்காலிலும் ரிஃப்ளெக்டர் பட்டை கட்டியதும் 90! மேலும் கீழும் போய்வரும் கால், 'இங்கே ஓர் ஆள் மிதிக்கிறார்' என்று சொல்லிவிடுகிறது.

சாதாரண சைக்கிளின் பெடலில் ஆரஞ்சு நிறச் சில்லு ஒன்று பதித்திருப்பார்களே, அது செய்வதும் இதைத்தான். உற்றுப் பார்த்தால் உள்ளே தேனடை போல நுண்ணிய மூலைகள் தெரியும். ஒவ்வொரு மூலையிலும் மூன்று பரப்புகள் செங்குத்தாகச் சந்திக்கின்றன; சற்றுச் சாய்வாக வெளிச்சம் விழுந்தாலும் வந்த வழியே, ஹெட்லைட்டை நோக்கியே, திருப்பி அனுப்பும். ஷூவைப் பூட்டிக்கொள்ளும் விலையுயர்ந்த பெடல்களில் பெரும்பாலும் இது இருப்பதில்லை. பள்ளி சைக்கிள்களில் முதலில் உடைந்து விழுவதும் இதுதான்.

பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பயணத்தில் ரிஃப்ளெக்டர் சட்டையும் விளக்கும் இல்லாமல் இரவில் ஓட்ட விடமாட்டார்கள். நம் அரசு பிளஸ் ஒன் மாணவர்களுக்கு விலையில்லாமல் சைக்கிள் தருகிறது. கிராமத்துப் பிள்ளைகளைப் பள்ளியில் தக்கவைத்த நல்ல திட்டம் அது. ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து, இருட்டிய பிறகு திருப்போரூரிலிருந்து நெம்மேலிப் பக்கமோ செங்கல்பட்டுச் சாலையிலோ வீடு திரும்பும் மாணவிக்கு அந்தச் சைக்கிளோடு இரண்டு கணுக்கால் பட்டைகளையும் ஒரு பின்விளக்கையும் சேர்த்துக் கொடுக்கலாம். செலவு சொற்பம். பள்ளிகளை ஒட்டிய இடங்களில் வண்டிகளின் வேகத்தைக் குறைக்கும் வேலையை நெடுஞ்சாலைத் துறையும் போலீசும் அதோடு சேர்த்துச் செய்ய வேண்டும். பட்டை கட்டிய காலை எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தாலும் 100 கி.மீ. வேகத்தில் வரும் டிரைவருக்கு நேரம் குறைவுதான்.