கவ்வாத்துக் கத்தியும் இரண்டாம் படியும்

சிவனொளிபாத மலையடிவாரத்து நல்லதண்ணியில், கவ்வாத்து வெட்டி முடிந்த தேயிலை மலையைப் புதிதாகப் பார்ப்பவர்கள் செடிகள் பட்டுவிட்டன என்றே நினைப்பார்கள். பச்சை அரிதாகிக் குச்சி குச்சியாக நிற்கும். வெட்டாமல் விட்டால் தேயிலை மரமாக வளர்ந்துவிடும். கொழுந்து கைக்கு எட்டாது, விளைச்சலும் குறையும். அதனால்தான் மலைநாட்டில் ஏறத்தாழ நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து என்னும் இந்த வெட்டு.

எழுத்துக்கும் இப்படி ஒரு வெட்டு வேண்டும். எழுதியதைத் திருத்தும் அந்த வேலைக்கு எழுத்தாளர்கள் காலந்தோறும் உவமை தேடியிருக்கிறார்கள். ரோமானியக் கவிஞர் ஹோரஸ் அதை அரத்தால் ராவும் உழைப்பு என்றார். கரடி தன் குட்டியை நக்கி நக்கி உருவாக்குவதுபோல் தன் கவிதையை உருவாக்குவதாக வேர்ஜில் சொன்னார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. எந்த உவமையை மனதில் வைக்கிறோமோ, கை அந்த வேலையைத்தான் செய்யும். அரத்தை நினைப்பவர் வாக்கியத்தை மெருகேற்றுவார். தேவையில்லாத பத்தி மெருகோடு அப்படியே நிற்கும். மிகைபடக் கூறல், கூறியது கூறல் என நன்னூல் பத்துக் குற்றங்களை வகுத்து, எதை நீக்குவது என்று காட்டியது. எப்படி நீக்குவது என்பதைக் கவ்வாத்திடம் கற்கலாம்.

முதலில் வேர். இலையிழந்த செடி வேரில் சேர்ந்த மாச்சத்தைக் கொண்டே மீண்டும் துளிர்க்கிறது. வேரைச் சீவி அயோடின் கரைசல் தடவினால், மாச்சத்து இருக்குமிடம் கருநீலமாகும். சத்துக் குறைந்த செடியில் கத்தி வைத்தால் செடி சாகவும் கூடும். கதைக்கும் அப்படித்தான்: இது எதைப் பற்றியது என்று ஒரே வரியில் சொல்ல முடிந்த பிறகே வெட்ட வேண்டும்.

அடுத்தது, ஓரத்தில் விட்டுவைக்கும் இலைக்கிளை. புதுத்துளிர் வரும்வரை செடிக்கு உணவூட்டுவது அது. உயிருள்ள ஒரு பத்தியைத் தொடாமல் வைத்தால், மற்றவை அதன் குரலில் துளிர்க்கும்.

வெட்டு சாய்வாகவும் பிசிறில்லாமலும் விழ வேண்டும். நீர் தேங்கினால் தண்டு அழுகும். ஒரு பத்தியை எடுத்ததும் அடுத்த பத்தியில் அந்தரத்தில் நிற்கும் ‘எனவே’யையும் ‘அவர்’ஐயும் சரிசெய்வது இந்த வேலை.

வெட்டிய கிளைகள் செடிகளுக்கிடையிலேயே மட்கி உரமாகும். நீக்கிய வரிகளையும் ஒரு கொப்பியில் வையுங்கள்.

மலையகத்தில் எழுத வரும் தம்பி தங்கைகளே, முதல் படியை அப்படியே பத்திரிகைக்கு அனுப்பாதீர்கள். சில வாரங்கள் ஆறப்போட்டு, துணிந்து வெட்டுங்கள். வேர் நன்றாக இருந்தால் எழுத்து நிச்சயம் துளிர்க்கும்.